நானூற்றுப் பதிமூன்றாவது நகர்வு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஜெசிந்தா அந்தக் கணினியின் மூடியைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி உப்பு மேசையில் கொட்டியது.

"உப்புக் கம்பெனி மிஷின்தாங்கறதுக்கு வேற சாட்சி வேண்டாம்," என்றார் காஜா முகைதீன்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. அவள் கண் அதற்குள் சர்க்யூட் பலகைமேல் போய்விட்டது. எட்டு நினைவுச் சிப்புகளும் வரிசையாக, எல்லாம் முதலில் பொருத்தியபடியே இருந்தன. "அண்ணே, யாரும் ஒண்ணையும் மாத்தல. எட்டும் பழசு!" அவள் குரல் ஏறியது. "இதுக்குள்ள அது இருந்துச்சுன்னா இன்னைக்குச் சாயங்காலம் நாம அத ஆடிட்டிருப்போம்!"

அவளுக்கு வயது முப்பத்தாறு. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளின் மீன் காட்டும் கருவிகளைப் பழுது பார்ப்பவள். வீட்டு மாடியறையில் நாற்பத்தொரு பழைய கணினிகள் வைத்திருந்தாள். வீங்கிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றி, புது பவர் சப்ளை கொடுத்து, படத்தை இன்றைய திரைக்கு இழுத்து, ஒவ்வொன்றிலும் விளையாடுவாள். 2036-ஆம் ஆண்டின் விளையாட்டுகள் ஆடுகிறவரின் முகத்தைப் பார்த்துத் தங்களை மாற்றிக்கொள்ளும். யாரையும் ரொம்பத் தோற்கவிடாது. பழைய விளையாட்டுகளுக்கு அந்த இரக்கம் கிடையாது. அதற்காகவே அவளுக்கு அவற்றைப் பிடித்தது.

காஜா காயல்பட்டினத்துக்காரர். பல் ஆஸ்பத்திரி நாற்காலிகளை ரிப்பேர் செய்பவர். அவரும் பழைய கணினி சேர்ப்பவர்தான், ஆனால் வேறு ஜாதி. பெட்டியில் ஒட்டிய டேப்பைக்கூடக் கிழிக்க மாட்டார். ஜெசிந்தா சால்டரிங் அயர்னை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனாலும் இந்தக் கணினியை மூடிப்போன நீலமணி உப்பு நிறுவனத்தின் குடோனில் கண்டுபிடித்து அவளிடம் கொண்டுவந்தவர் அவர்தான். காரணம் இருந்தது. கணினி ஆர்வலர்களின் கையெழுத்துப் பத்திரிகை ஒன்றில், 1991-இல், இரண்டே வரியில் ஒரு கடிதம் வந்திருந்தது: 'உப்புக் கம்பெனியில் வேலை பார்க்கும் நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து தமிழில் ஒரு கணினி விளையாட்டு எழுதியிருக்கிறோம். பெயர் சங்கு குளி.' அவ்வளவுதான். அந்த விளையாட்டைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஊர் ஊராகச் சேகரிப்பவர்கள் இருபது வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கணினியின் பக்கவாட்டில் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருந்தது: 'அணைக்காதே. துரை.'

"இந்தத் தழும்பு வாசிக்கறத நான் இதுவரைக்கும் பக்கத்துல நின்னு பாத்ததில்ல," என்றார் காஜா. "எனக்குப் புரியுத மாதிரி சொல்லு. கரண்ட நிறுத்தினா நினைவு அழிஞ்சு போயிரும். அப்புறம் என்னத்த வாசிப்ப?"

"உங்க வீட்டு லாத்தா பட்டுச்சேல ஒண்ண மடிச்சுப் பீரோல வச்சிருக்காங்கன்னு வைங்க. பத்து வருஷம் எடுக்கல. அப்புறம் எடுத்து உதறினா மடிப்புக் கோடு போயிருமா?"

"போகாது. கிழிஞ்சாலும் கிழியும்."

"அதேதான். ஒரு சிப்புக்குள்ள ஒரே எழுத்து வருஷக்கணக்கா மாறாம நின்னா, அந்த இடம் ஒரு பக்கமாச் சாஞ்சு போயிரும். கரண்ட் போனாலும் சாய்வு போகாது. நான் லேசாச் சூடு காட்டி ஆயிரம் தடவ போட்டுப் போட்டு அணைப்பேன். எந்தப் பக்கமா விழுதுன்னு என் அட்டை எண்ணிக்கிடும். ஆனா ஒரே தடவதான். சூடு பட்டா மடிப்புக் கலைஞ்சிரும்."

காஜா பிளாஸ்திரியில் இருந்த 'துரை' என்ற பெயரைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "உரிமைக்காரங்க யாருன்னு தெரியாமலா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. தழும்பை வாசிக்கத் தான் உருவாக்கிய மின் அட்டையின் வரைபடத்தை ஜெசிந்தா நாலு மாதத்துக்கு முன் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருந்தாள். காணாமல்போன விளையாட்டுகள் ஒவ்வொன்றாக உயிர்பெற்று வந்தன. உலகம் முழுக்கக் கொண்டாடினார்கள். அதற்கிடையில் வேறெங்கோ ஒருவன் பழைய கடையில் வாங்கிய தட்டச்சுக் கணினியை அந்த அட்டையால் வாசித்து, அதில் கிடைத்த ஒரு பெண்ணின் கடிதத்தை வீடியோவில் படித்துக் காட்டிவிட்டான். கணவனைப் பற்றி அவள் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதம். லட்சம் பேர் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்ணின் மகள் துறைமுகத்துக்கே வந்து ஜெசிந்தாவைக் கண்டுபிடித்தாள். சத்தம் போடவில்லை. "எங்கம்மா அத எழுதி, அஞ்சு வருஷம் அணைக்காம வச்சிருந்து, கடைசில அனுப்ப வேண்டாம்னு முடிவு பண்ணினாங்க. நீங்க யாரு அத அனுப்பறதுக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். ஜெசிந்தாவால் இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை. அட்டையைத் திரும்பப் பெற வழியும் இல்லை. அதற்குப் பிறகுதான் காஜா தங்கள் சேகரிப்பாளர் குழுவுக்கு ஒரு விதி போட்டார்: விளையாட்டு மட்டும்தான் வாசிக்கலாம், கடிதமோ குறிப்போ தெரிந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும், உரியவரைத் தேட வேண்டும்.

"விளையாட்டுன்னா வாசிக்கிறேன். வேற ஏதாவது தெரிஞ்சா நிறுத்திருவேன். சத்தியமா," என்றாள் ஜெசிந்தா.

வேலை தொடங்கியது. ஒரு சிப்புக்கு அரைமணி நேரம். முதல் நாலும் அவள் அதுவரை பார்த்திராத அளவுக்குத் தெளிவாக இருந்தன. "அண்ணே, இது சாதாரணத் தழும்பு இல்ல. யாரோ இந்த மிஷினக் கையே வைக்காம அஞ்சாறு வருஷம் ஓட விட்டிருக்காங்க!" என்று கத்தினாள். ஐந்தாவது சிப்பின் ஒரு கால் உப்பில் அரித்து, தொட்டதும் உதிர்ந்தது. எட்டில் ஒன்று போனாலும் ஒவ்வோர் எழுத்திலும் ஒரு துண்டு போய்விடும். ஜெசிந்தா பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிப்பின் ஓரத்தைச் சுரண்டி, மயிரிழைக் கம்பி ஒன்றை ஒட்டவைத்தாள். அந்தப் பத்து நிமிடமும் காஜா மூச்சுவிட்ட சத்தம் கேட்கவில்லை. ஒட்டி முடித்து நிமிர்ந்தபோது, சால்டரிங் அயர்னின் வயர் இழுபடாமல் அவர்தான் கையில் தாங்கிப் பிடித்திருந்தார் என்பது தெரிந்தது.

மூன்று மணிக்கு எட்டும் முடிந்தது. கிடைத்ததை அதே கணினிக்குள் திரும்ப ஏற்றி, சுவிட்சைப் போட்டாள்.

திரை கறுத்தது. பிறகு நீலமானது. கட்டம் கட்டமாக ஒரு கடல். மேலே, கையால் புள்ளி புள்ளியாக வரைந்த கோணல்மாணலான எழுத்தில்: சங்கு குளி.

ஜெசிந்தா போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் மாடிக்கு ஓடிவந்துவிட்டார். காஜா அந்த மானிட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தமிழ்! தமிழ்லே!" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குழுவிலிருந்த பதினேழு பேருக்கும் படம் போனது. ஐந்து நிமிடத்தில் ஜெசிந்தாவின் போன் சூடேறி மேசைமேல் துடித்தது.

விளையாட்டு எளிதாகப் புரிந்தது. இரண்டு பேர். ஆளுக்கொரு பாதிக் கடலில் சங்குகளை ஒளித்துவைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முங்கிச் சங்கெடுக்கும் ஒரு குளியாளை எதிராளியின் கடலில் ஏதாவது ஒரு கட்டத்துக்கு அனுப்பலாம். முறைக்கு முறை நீரோட்டம் சங்குகளைக் கொஞ்சம் நகர்த்திவிடும் என்பதால் ஆட்டத்துக்கு முடிவே கிடையாது. திரையின் அடியில் மூன்று வரிகள் இருந்தன.

'கனி, ஆறுமுகநேரி: 61. துரை, தூத்துக்குடி: 58.'

'நகர்வு 412 முடிந்தது. துரை முறை.'

'செய்தி ஒன்று வந்துள்ளது. நகர்ந்த பின் திறக்கும்.'

"ரெண்டு உப்பளத்துக்கும் நடுவுல போன் லைன்ல ஆடியிருக்காங்க," என்றாள் ஜெசிந்தா. "எடைக் கணக்கு அனுப்புற லைன்! அண்ணே, ஒரு நகர்வு. ஒண்ணே ஒண்ணு. ஆடிப் பாத்திரவா?"

அவள் விரல் பட்டனுக்குப் போவதற்குள் காஜா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"துரை முறைன்னு போட்டிருக்கு. நீ துரையா?"

ஜெசிந்தா கையை எடுத்தாள். பட்டனை அமுக்காமலேயே அந்தச் செய்தியை அவளால் பார்க்க முடியும். நினைவின் எந்த மூலையில் அது கிடக்கிறது என்று கண்டுபிடிக்க அவளுக்குக் கால்மணி நேரம் போதும். துறைமுகத்துக்கு வந்த அந்த மகளின் முகம் ஞாபகம் வந்தது. நகல் ஒன்று எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, கணினியை ஓடவிட்டபடியே கீழே இறங்கினாள்.

உப்பு நிறுவனத்தின் ஓய்வூதியக்காரர்கள் பட்டியலில் காஜா இரண்டே நாளில் இருவரையும் பிடித்துவிட்டார். எடைமேடை எழுத்தர் ஞானதுரை, வயது எழுபத்தைந்து, நாசரேத். எடைமேடை எழுத்தர் சண்முகக்கனி, வயது எழுபத்திரண்டு, ஆறுமுகநேரி. இருவரும் இருக்கிறார்கள்! ஜெசிந்தா படகு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, காஜாவின் வேனில் ஏறினாள்.

நாசரேத்தில் ஞானதுரை வீட்டுக்கு முன்னால் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. அதை அவரே நடத்தினார். ஒல்லியான, வழுக்கை விழுந்த மனிதர். ஜெசிந்தா விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அணைச்சுட்டாங்களா?" என்பதுதான்.

"அணைச்சு ரொம்ப வருஷமாச்சு சார். ஆனா ஆட்டம் கிடைச்சிட்டு. நாநூத்திப் பன்னெண்டாவது நகர்வுல நிக்கி."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "தொண்ணூத்தி மூணு ஆகஸ்ட். அதுக்கப்புறம் புது கம்ப்யூட்டர் வந்திட்டு. பழசத் தூக்கிப் போடச் சொன்னாங்க. நான் மூலைல ஒரு மேசையப் போட்டு வச்சுக்கிட்டேன். கரண்ட் போனா என் ஸ்கூட்டர் பேட்டரியக் கொண்டுவந்து மாட்டுவேன். ஆறு வருஷம்."

"ஆறு வருஷம் ஓட விட்டீங்க. ஆனா ஒரு பட்டனக்கூட அமுக்கல," என்றாள் ஜெசிந்தா. "அதனாலதான் தழும்பு அவ்வளவு ஆழமா விழுந்திருக்கு. நீங்க ஆடியிருந்தீங்கன்னா எல்லாம் மாறியிருக்கும். எங்களுக்கு ஒண்ணுமே கிடைச்சிருக்காது. ஏன் சார் ஆடல?"

"நான் அவங்ககிட்ட ஒண்ணு கேட்டிருந்தேன்மா. ஆட்டத்துல, செய்தியா. அதுக்கு அப்புறம் ஆடல."

"என்ன கேட்டீங்க?"

"அது ஆட்டத்துக்குள்ள கேட்டது. வெளிய சொல்ல மாட்டேன்."

ஜெசிந்தாவுக்குத் திரையின் மூன்றாவது வரி ஞாபகம் வந்தது. கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. இந்த மனிதர் நாற்பத்து மூன்று வருடமாக அதைத் திறக்கவே இல்லை! "பதில் அங்கேயே இருக்கு சார். நான் படிக்கல. நீங்க வந்து ஒரே ஒரு பட்டன அமுக்குனா போதும். வாற ஞாயித்துக்கிழமை எங்க கூட்டம். வாங்க."

ஞானதுரை எழுந்து ஜெராக்ஸ் மிஷினின் மூடியைத் திறந்தார், மூடினார். "வேண்டாம்மா. வயசாயிட்டு. நீங்களே வச்சு ஆடுங்க."

வேன் ஆறுமுகநேரி போய்ச் சேரும்வரை ஜெசிந்தா புலம்பிக்கொண்டே வந்தாள்.

சண்முகக்கனியோ அவர்கள் பேச்சை முடிக்கவே விடவில்லை. "கெடைச்சிட்டா? சங்கு குளியா? எழுத்தெல்லாம் தெரியுதா? அந்த ணகரம் ஒழுங்கா வந்திருக்கா? எட்டுக் கட்டத்துக்குள்ள ணகரத்த அடக்க நான் ஒரு மாசம் மண்டைய உடைச்சேன்!" குட்டையான, உரத்த குரல்காரப் பெண்மணி. கம்பெனியை விட்டபின் ஊரில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் பள்ளி வைத்து இருபத்தைந்து வருடம் நடத்தியவர். கணவர் இறந்து நாலு வருடம். மருமகள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அதைத் தொடாமல் ஜெசிந்தாவின் போனில் இருந்த படத்தையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "நாநூத்திப் பன்னெண்டு. அப்ப அவரு நகரவே இல்லையா?"

"இல்லம்மா."

"லைன் பழுதுன்னு நெனச்சேன். அப்புறம் மோடம் பழுதுன்னு நெனச்சேன். ரெண்டு வருஷம், தெனம் காலைல ஒம்பது மணிக்கு அது கீச்சுன்னு கத்தும்லா, அதுக்காக உக்காந்திருப்பேன். ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் லைன வெட்டுனாங்க."

"நேர்ல போய்க் கேட்டிருக்கலாமேம்மா?" என்றார் காஜா. "இருபது மைல்தான?"

"நேர்ல நாங்க ரெண்டு தடவதான் பாத்திருக்கோம், கம்பெனி ஆண்டு விழாவுல. கேட்டது அவரு. முறையும் அவரோடது. நான் எதுக்குப் போயி நிக்கணும்?" அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "அவரு வாறாரா?"

"வர மாட்டேங்காரு."

கனி எழுந்து நின்றுவிட்டார். "அறுபத்தொண்ணுக்கு அம்பத்தெட்டு! தோக்கப் போறோம்னு தெரிஞ்சு ஓடி ஒளிஞ்ச ஆளு! ஞாயித்துக்கெழம நான் வாறேன்னு சொல்லுங்க. அவரு வரலன்னா, தோத்துட்டேன்னு கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்னு சொல்லுங்க!"

காஜா அதை அப்படியே போனில் சொன்னார். மறுமுனையில் ஜெராக்ஸ் மிஷினின் மூடியைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு ஞானதுரை, "எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

ஜெசிந்தா அந்த வாரம் தூங்கியதே குறைவு. அதே மாதிரிக் கணினி இன்னொன்று அவளிடம் இருந்தது. அதைப் பிரித்து, பழுது நீக்கி, துரையின் நினைவிலேயே இரண்டு கடலும் பதிந்திருந்ததால் அதிலிருந்தே கனியின் பக்க ஆட்டத்தையும் எடுத்து ஏற்றினாள். போன் லைனுக்குப் பதிலாக இரண்டையும் இணைக்க நீளமான வயர் ஒன்றைத் தயார் செய்தாள். பழைய மோடத்தின் கீச்சுச் சத்தமும் வேண்டும் என்று அதற்கொரு சின்ன ஸ்பீக்கரைச் சேர்த்தாள். இந்தத் தடவை காஜா முகத்தைத் திருப்பவில்லை. வயரை அவரே கத்தரித்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை படகு உரிமையாளர்கள் சங்கக் கட்டடத்தில் பதினேழு பேருக்குப் பதில் நூறு பேருக்குமேல் கூடிவிட்டார்கள். மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்திருந்தார்கள். கூடத்தின் இரண்டு முனையிலும் இரண்டு மேசை, ஆளுக்கொரு கணினி. நடுவில் துரையின் திரையைப் பெரிதாகக் காட்டும் வெள்ளைத் துணி.

ஞானதுரை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். கனி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். இருவரும் கூடத்தின் குறுக்கே பார்த்துக்கொண்டார்கள்.

"முடியெல்லாம் எங்க போச்சு?" என்றார் கனி.

"உப்புக் காத்துல கொட்டிட்டு," என்றார் ஞானதுரை. கூட்டம் சிரித்தது. அவர் உட்கார்ந்தார். கணினியின் பக்கவாட்டில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். கையைக் கீபோர்டுமேல் வைத்தார். ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்.

அமுக்கினார்.

ஒரு சின்னக் குளியாள் படகிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து, கட்டம் கட்டமாகக் கீழே இறங்கி, தரையைத் தொட்டு, கையில் வெள்ளையாக எதையோ தூக்கிக்கொண்டு மேலே வந்தான். சங்கு! ஐம்பத்தொன்பது! கூடமே எழுந்து கத்தியது. கோவைக்காரர் ஒருவர் நாற்காலிமேல் ஏறிவிட்டார். மோடம் கீச்சென்று கத்தி நகர்வைக் கனியின் பக்கம் அனுப்பியது. துணியில் மூன்றாவது வரி கலைந்து, செய்தி எழுத்தெழுத்தாகத் திறந்தது.

'உங்க சங்கு மூணு எங்கிட்ட. அழாதீங்க.'

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பலர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜெசிந்தாவுக்கு முகம் தொங்கிப்போனது. இதற்காகவா? சின்னப் பிள்ளைகள் சீண்டுவது மாதிரி ஒரு வரிக்காகவா ஒரு மனிதர் ஆறு வருடம் ஸ்கூட்டர் பேட்டரியைச் சுமந்தார்?

"சார், பதில் எங்க?" என்று அவர் காதருகில் குனிந்து கேட்டாள்.

ஞானதுரை அவள் பக்கம் திரும்பினார். "இதுல எப்படிம்மா பதில் இருக்கும்? நகரும்போதே செய்தியையும் எழுதி அனுப்பிரணும். அதுக்கு அப்புறம்தான் எதிராளோட செய்தி திறக்கும். இத எழுதி அனுப்புன பொறவுதான் அவங்க என் கேள்வியவே படிச்சிருப்பாங்க. பதில் அடுத்த நகர்வுல வரணும். அதுக்கு நான் நகரணும்."

ஜெசிந்தா நிமிர்ந்தாள். அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "அப்ப பதிலே எழுதல. நீங்க நகராததால அவங்களால எழுதவே முடியல."

"பதில் எங்கிட்டல்லா இருந்திச்சு," என்று எதிர்முனையிலிருந்து கனியின் குரல் வந்தது. அவர் எழுந்து நின்றிருந்தார். "என்ன கேட்டாருன்னு சொல்லட்டா?"

ஞானதுரை தலையாட்டினார்.

"'வேலையை விட்டு மெட்ராஸ் போய் ஆட்டம் எழுதலாமா?' இதான் கேட்டாரு. ரெண்டு பேரும் சேந்து, இதே தொழிலா. தொண்ணூத்தி மூணுல தமிழ்ல ஆட்டம் எழுத ஒரு ஆளு கெடையாது. எங்கிட்ட அடுத்த ஆட்டத்துக்கு நோட்டு நெறைய யோசன இருந்திச்சு." அவர் ஞானதுரையைப் பார்த்தார். "மாட்டேன்னு சொல்லிருவேன்னு பயந்தீங்களா?"

"இல்ல," என்றார் ஞானதுரை. கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்ல அவருக்குத் தெரியவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "சரின்னு சொல்லிருவீங்கன்னு பயந்தேன். நீங்க எதுக்கும் ஒரு நிமிஷத்துக்கு மேல யோசிக்க மாட்டீங்க. கேட்டு அனுப்பிட்டு வீட்டுக்குப் போறேன், அப்பாவுக்கு மூச்சுத் திணறல். தங்கச்சிக்கு அப்பத்தான் மாப்பிள்ள பாத்துக்கிட்டிருக்கோம். மாசச் சம்பளத்த விட்டுட்டு எங்க போவேன்? நீங்க சரின்னா நான் கெளம்பணும். நான் நகரலன்னா பதில் வராது. அதான் நகரல. ஆனா அணைக்கவும் மனசு வரல."

"ரெண்டு வருஷம்," என்றார் கனி. "ஒம்பது மணிக்கு."

"தெரியும். உங்க மிஷின் அங்க விழிச்சிருக்குன்னு என் மோடத்துல சின்ன வெளக்கு எரியும். நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

கனி சட்டென்று உட்கார்ந்து நாற்காலியை மேசைக்கு இழுத்தார். "சரி, இப்ப என் முறை. எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க."

தட்டினார். அவருடைய குளியாள் துரையின் கடலில் இறங்கி இரண்டு சங்கோடு வந்தான். அறுபத்து மூன்று. மறுபடி ஆரவாரம். இந்தச் சத்தத்துக்கிடையில் காஜா நடுக்கூடத்துக்குப் போய், வெள்ளைத் துணிக்குப் படம் போடும் கருவியை அணைத்தார். "மன்னிச்சுக்கிடுங்க. இனி வாறது அவங்களுக்கு வாறது," என்றார்.

'நகர்வு 414 முடிந்தது. துரை முறை. செய்தி ஒன்று வந்துள்ளது.'

ஞானதுரை எந்தக் கட்டம் என்றுகூடப் பார்க்காமல் அமுக்கினார். செய்தி எழுதும் இடத்தையும் வெறுமையாகவே அனுப்பிவிட்டார். குளியாள் வெறுங்கையோடு மேலே வந்தான். பின்னால் நின்ற ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைத்தாள். அதற்குள் கண்ணில் பட்டுவிட்டது.

'சரி. எந்த பஸ்?'

ஞானதுரை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று ஜெசிந்தாவுக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

"அது அன்னைக்குள்ள பதில்," என்றார் கனி அங்கிருந்தே. "நாப்பத்து மூணு வருஷமா வச்சிருந்தேன், குடுத்துட்டேன். இன்னைக்குள்ள பதில் வேற. அது வேணும்னா இன்னொரு தடவ கேக்கணும்."

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் தன் நகர்வை ஆடினார், செய்தி எதுவும் இல்லாமல். ஞானதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இப்போது செய்தி எழுதும் இடத்துக்குப் போனார். ஒவ்வொரு பட்டனாகத் தேடித் தேடித் தட்டினார். ஜெசிந்தா அங்கிருந்து நகர்ந்து காஜாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"என்ன எழுதுதாரு?" என்று கிசுகிசுத்தார் காஜா.

"பாக்கல," என்றாள் ஜெசிந்தா.

மோடம் கீச்சென்றது. கனி தன் குளியாளை அனுப்பினார். அவர் திரையில் கேள்வி திறந்திருக்க வேண்டும். கன்னத்தில் கைவைத்து ரொம்ப நேரம் படித்தார், இவ்வளவு சின்ன இடத்தில் அவ்வளவு நேரம் படிக்க என்ன இருக்கும் என்று எல்லோரும் யோசிக்கும் அளவுக்கு. பதிலை இனி அடுத்த முறைதான் அவரால் அனுப்ப முடியும். அதற்கு எதிர்முனையில் இருப்பவர் நகர்ந்தாக வேண்டும்.

நூறு தலைகளும் ஒரே சமயத்தில் ஞானதுரையின் பக்கம் திரும்பின.

அவர் ஏற்கெனவே நகர்ந்திருந்தார். மோடத்தின் சத்தம் அப்போதுதான் கூடத்தின் மறுமுனையை எட்டிக்கொண்டிருந்தது.